பிழைதிருத்தம்

பீர்க்கண்ணு கடையில் பழந்தாளுக்கு இரண்டு விலை.
தமிழ் கிலோ பதினாலு, இங்கிலீசு பதினாறு.
ஏன் என்று கேட்டால்,
"கனம் கெடையாது வில்பிரட்டு, நெறைய ஏறும், உமக்கு லாபமாக்கும்" என்பார்.
தக்கலைப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
கோழித்தீவனச் சாக்குக்கும் செத்த மின்விசிறிகளுக்கும் நடுவே
முட்டுக்குத்தி இருந்து
இருபது வருடமாக என் பிழைப்பு.

நான் படிக்கிறவன் இல்லை.
முதுகைப் பிடித்துக் குலுக்குகிறவன்.
புத்தகத்தைவிட அதிலிருந்து உதிர்வதை
வாங்கத்தான் ஆள் அதிகம்:
ஆவிக்கப்பல் ஒன்றின் இரவு உணவுப் பட்டியல்,
ஆமை சூப்பின்மேல் யாரோ பென்சிலால் அடித்த கோடு;
நெய்யூர் ஆஸ்பத்திரிச் சீட்டு, மூன்று வேளை, கலக்கிக் குடிக்கவும்;
லேஸ் கெஜம் இரண்டணா என்ற விலைத்தாள்;
குதிரை விற்பனைக்கு, சாது, இடது காது மந்தம்.
எல்லாவற்றையும் மார்த்தாண்டத்தில்
ரப்பர்ஷீட் கடை மாடியில் விரித்துப் படமெடுப்பேன்.
ஷீட்டின் புகைநாற்றம் தாளில் ஏறிவிடும்.
விற்பனைப் பட்டியலில் அதை
"லேசான வட்டார மணம்" என்று எழுதுகிறேன்.

இடவப்பாதி மழை பிடித்த அன்று அது கிடைத்தது.
லண்டன், 1847. கரையளக்க வந்த ஒரு துரையின் நாட்குறிப்பு.
தோலட்டை. ராமபாணம் தின்ற துளை
முன்னுரையில் நுழைந்து கடைசித் தாளில் வெளியேறியிருந்தது.
மழை விடாததால்
143ஆம் பக்கம் மட்டும் படித்தேன்:
குளச்சலில் படகு கவிழ்ந்தது.
படகுக்காரன் மூழ்கி மாண்டான்.
இறைவன் கருணையால் என் அளவுக் கருவி தப்பியது.
துரை பெயரை எழுதியிருந்த லட்சணத்தில்
அவன் சூசையா சவேரியா தெரியவில்லை.

பின்னட்டையருகே, மூன்று விரல் அகலத்தில் ஒரு துண்டுச்சீட்டு.
ஒட்டவில்லை, சும்மா செருகியிருந்தது.
பிழைகள்.
பக்கம் 31, கருமிளகு என்பதை வெண்மிளகு என வாசிக்க.
பக்கம் 88, ஒரு பாகை கூட்டிக்கொள்க.
பக்கம் 143, மூழ்கி மாண்டான் என்பதைக்
கரையேறினான் என வாசிக்க.

பிழைத்தான்.
தப்புச் செய்தவனுக்கும் தப்பியவனுக்கும்
நம்மிடம் ஒரே சொல்தான் இருக்கிறது.

கடலுக்கு அப்பால் ஒருவர்,
நாற்பது வருடமாகக் கரையளப்பு நூல்களை மட்டும் வாங்குகிறவர்,
கேட்டு எழுதினார்: திருத்தச்சீட்டு உண்டா?
இருந்தால் இன்ன விலை.
இல்லையென்றால் இரண்டு மடங்கு.
முதலில் கட்டிய சில பிரதிகளில் சீட்டு கிடையாதாம்.
தன் பிழையை அறியாத பிரதிதான் அரிதாம்.

ஒட்டியிருந்தால் பசைத்தடம் காட்டிக்கொடுத்திருக்கும்.
ராத்திரியெல்லாம் யோசித்தேன் என்றால் பொய்.
தேநீர் ஆறுவதற்குள் எழுதிவிட்டேன்: இல்லை.

பணம் வந்தது.
கடைவாய்ப்பல் இரண்டுக்கு உறை போட்டேன்.
முறுக்கு கடிக்கும்போதெல்லாம்
எங்கோ ஒரு கண்ணாடி அலமாரிக்குள்
அவன் மறுபடியும் மூழ்குகிறான்.

சீட்டை எறியவில்லை.
ஸ்கூட்டர் காகிதங்களின் பிளாஸ்டிக் உறைக்குள்
காப்பீட்டுக்கும் புகைச் சான்றுக்கும் நடுவில் வைத்தேன்.
போன வாரம் இரணியலில் காவலர் மறித்தார்.
எல்லாவற்றோடும் அதுவும் அவர் கைக்குப் போனது.
"இது என்னது வோய்?"
"ஒருத்தன் சாவலேன்னு அச்சடிச்சுக் குடுத்தது."
"யாரு?"
சூசை என்றேன்.
சவேரியாகவும் இருக்கலாம் என்றேன்.
அவர் அதை வெயிலுக்கு எதிரே பிடித்தார்,
திருப்பினார்,
முத்திரை தேடினார்.
"கடைசித் தேதி ஒண்ணும் போடலியே.
அப்பம் இது செல்லும்" என்றார்.
"பொகைதான் முடிஞ்சு நாலு மாசமாச்சு."